பொய் சொன்ன பக்கிள்கள்!



காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், பெல்ட்டை இடுப்பில் சுற்றி, 'டக்'கென்று மாட்டிக்கொண்டு ஓடுகிறீர்கள் அல்லவா? அந்தப் பெல்ட்டின் முன்னால் இருக்கும் பக்கிளை, ஒரு நாளாவது கையில் வைத்துப் பார்த்தது உண்டா? பல பள்ளிகளில் அதில் பள்ளியின் பெயரோ, சின்னமோ இருக்கும். அப்படியே திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் கம்பி. மறுபக்கம் துளையில் மாட்டுவதற்குச் சின்னதாக ஒரு கொக்கி. பேன்ட் நழுவாமல் இருக்க, இவ்வளவு போதும்!

ஆனால், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இந்தச் சின்னப் பொருளுக்கு இருக்கும் மவுசே வேறு. அங்கே பெரியவர்கள் அணியும் பக்கிள், உங்கள் உள்ளங்கையை முழுதாக மூடிவிடும். நான்கு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம் என்பது அங்கே சாதாரணம். வெள்ளி, பித்தளை, வெண்கலம் எனப் பல உலோகங்களில் செய்கின்றனர். குதிரை, காளை, கழுகு, ரயில் என்று எதை வேண்டுமானாலும் அதன் மேல் பார்க்கலாம். நாம் தபால் தலை சேர்ப்பது போல, இந்தப் பக்கிள்களைச் சேர்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். 'வெஸ்டர்ன் பக்கிள்' என்பது இதன் பெயர்.

தபால் தலைக்கு ஒரு வசதி உண்டு. எந்த நாடு, என்ன விலை என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். பக்கிள் அப்படியல்ல. 'நான் யாருடைய இடுப்பில் இருந்தேன் தெரியுமா?' என்று அது ஒரு கதை சொல்லும். அந்தக் கதை உண்மையா, பொய்யா என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை!

கௌபாய் அணியாத பக்கிள்

முதல் பொய், நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'கௌபாய்' என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? அகலத் தொப்பி, குதிரை, துப்பாக்கி, இடுப்பில் பளபளக்கும் பெரிய பக்கிள். இதில் கடைசியாகச் சொன்னது மட்டும் சரியில்லை!

உண்மையான கௌபாய்களின் பொற்காலம், 1860 - 80களில் இருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் இருந்து ஆயிரக்கணக்கான மாடுகளைப் பல நூறு மைல் தூரம் ஓட்டிக்கொண்டு, கான்சாஸ் மாநிலத்தின் ரயில் நிலையங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கூலித் தொழிலாளிகள் அவர்கள். துப்பாக்கி தொங்கவிடும் வாரில் சாதாரணமான ஒரு பக்கிள் இருக்கும். மற்றபடி, பேன்ட்டுக்குப் பெரும்பாலும் பெல்ட்டே கிடையாது. தோளில் மாட்டும் பட்டைகள்தான் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்தன.

இதற்கு ஒரு சாட்சி, ஜீன்ஸ் பேன்ட். லெவி ஸ்ட்ராஸ் என்ற வியாபாரியும், ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் சேர்ந்து, பைகள் கிழியாதபடி செம்புக் குமிழ் அடித்த பேன்ட்டுக்கு, 1873ம் ஆண்டு காப்புரிமை வாங்கினர். அதில், தோள்பட்டை மாட்டுவதற்குப் பொத்தான்கள் இருந்தன. பெல்ட் நுழைக்கும் வளையங்கள் இல்லை. லெவி நிறுவனம் அந்த வளையங்களைச் சேர்த்தது, 1922ம் ஆண்டுதான். பெல்ட் நுழைக்க வழியில்லாத பேன்ட்டில், உள்ளங்கை அகலப் பக்கிளை எங்கே மாட்டுவது?

அப்படியானால், கௌபாய்க்குப் பெரிய பக்கிளை மாட்டிவிட்டது யார்? சினிமாதான்!

1920களில், பேசாத படங்களின் காலத்தில், டாம் மிக்ஸ் போன்ற குதிரைவீர நடிகர்கள், பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும் உடைகளில் வந்தனர். சுவீடன் நாட்டில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், ஹாலிவுட்டில் சேணக் கடை வைத்த எட்வர்டு போலின் என்பவர், இந்த நடிகர்களுக்கு வெள்ளி பதித்த சேணங்களையும், பக்கிள்களையும் செய்து கொடுத்தார். திரையில் பார்த்ததை ஜனங்களும் கேட்க ஆரம்பித்தனர். பிறகு, நிஜமாகவே மாடு மேய்ப்பவர்களும், சினிமா கௌபாயைப் பார்த்து, அதே போல் அணிந்துகொண்டனர். நிழலைப் பார்த்து நிஜம் வேடம் போட்டுக்கொண்ட கதை இது!

ஜான் வெய்ன் என்ற புகழ்பெற்ற நடிகர், 1948ம் ஆண்டு 'ரெட் ரிவர்' என்ற படத்தில் நடித்தார். கதையில் அவருடைய மாடுகளுக்குப் போடும் சூட்டுக்குறி, ஆற்றின் இரு கரைகளைப் போல இரண்டு நெளிகோடுகளும், 'டி' என்ற எழுத்தும். அந்தக் குறி பொறித்த பக்கிளை, படம் முடிந்த பிறகும் அவர் விடவில்லை. 1959ல் வந்த 'ரியோ பிராவோ' உட்பட, பிற்காலப் படங்கள் பலவற்றிலும் அதை அணிந்து வந்தார். 'இது எந்தப் படம்?' என்று தெரியாவிட்டாலும், 'இது அவர் பக்கிள்' என்று ரசிகர்கள் சொல்லிவிடுவர்.

எட்டு விநாடி

சினிமாக்காரர்கள் காசு கொடுத்துச் செய்துகொண்டது ஒரு வகை. காசு கொடுத்தால் கிடைக்காதது இன்னொரு வகை. சேகரிப்பவர்களுக்கு இரண்டாவதில்தான் ஆசை.

அமெரிக்காவில், 'ரோடியோ' என்ற வீர விளையாட்டு உண்டு. முரட்டுக் குதிரை அல்லது காளையின் முதுகில், ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, எட்டு விநாடி உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றொரு கை, விலங்கின் மேலோ, தன் உடம்பின் மேலோ பட்டுவிட்டால், ஆட்டம் அவ்வளவுதான். நூறு மதிப்பெண்ணில், பாதி வீரருக்கு. மீதிப் பாதி விலங்குக்கு! எவ்வளவு ஆக்ரோஷமாகத் துள்ளுகிறதோ, அவ்வளவு மதிப்பெண். எட்டு விநாடி என்பது என்ன பெரிய நேரம் என்று நினைக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைக் குலுக்கிப் பாருங்கள், புரியும்!

இந்த விளையாட்டின் ஆண்டு இறுதிப் போட்டிக்கு, 'நேஷனல் பைனல்ஸ் ரோடியோ' என்று பெயர். 1959ம் ஆண்டு டல்லாஸ் நகரில் தொடங்கியது. 1985 முதல் லாஸ் வேகாஸ் நகரில் நடக்கிறது. கொரோனா பரவிய 2020ல் மட்டும், டெக்சாஸ் மாநிலத்துக்கு மாறியது. ஒவ்வொரு பிரிவிலும், அந்த ஆண்டின் முதல் 15 பேருக்குத்தான் அனுமதி. உலகச் சாம்பியனுக்கு, பணத்தோடு ஒரு தங்கப் பக்கிளும் தருகின்றனர். பணம் செலவாகிவிடும், பக்கிள், பேரன் காலம் வரை வீட்டில் இருக்கும்.

உங்கள் வயதுக்காரர் ஒருவர் வென்ற கதையைச் சொல்லட்டுமா?

நியூ மெக்சிகோ மாநிலத்தில், கிளேட்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர், சார்மேன் ஜேம்ஸ். அவருடைய குதிரை, ஸ்காம்பர். குதிரையில் வேகமாக வந்து, முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களைச் சுற்றிவிட்டு, திரும்பி ஓட வேண்டிய போட்டி அவருடையது. 1984ம் ஆண்டு உலகப் பட்டம் வென்றபோது, அவருக்கு வயது 14.

மறு ஆண்டு, இறுதிப் போட்டியின் ஒரு சுற்றில், களத்துக்குள் பாயும் நேரத்தில், ஸ்காம்பரின் கடிவாளம் கழன்றுவிட்டது! கடிவாளம் இல்லாத குதிரையை எப்படித் திருப்புவது? எப்படி நிறுத்துவது? சார்மேன் இறங்கவில்லை. ஸ்காம்பரும் நிற்கவில்லை. பழகிய பாதையில் மூன்று பீப்பாய்களையும் சுற்றி வந்து, அந்தச் சுற்றில் முதலிடம் பிடித்தது. 1984ல் தொடங்கி, 1993 வரை, தொடர்ந்து பத்து ஆண்டுகள், அந்த ஜோடிக்குத்தான் பட்டம். பிறகு, 2002ல், வேறொரு குதிரையின் மேல், 11வது முறையாகவும் வென்றார் சார்மேன்.

பட்டம் வாங்கியது என்னவோ அந்தப் பெண்தான். ஆனால், அந்தச் சுற்றில் ஓடிய பாதி பெருமை, பெல்ட்டே கட்டாத ஒரு ஜீவனுக்குச் சேர வேண்டும்!

இப்படி வென்ற பக்கிள்கள், சில நேரம் பழைய பொருள் கடைகளில் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. பணமுடையாக இருக்கலாம், வென்றவர் இறந்த பின், வீட்டார் விற்றிருக்கலாம். சேகரிப்பவர்கள் அதை வாங்கிப் பத்திரமாக வைப்பர்; வருடத்தையும், ஊரையும் பார்த்து, வென்றது யார் என்று தேடுவர். ஆனால், இடுப்பில் மாட்டிக்கொண்டு ரோடியோ பக்கம் போகத் தயங்குவர். 'நீ எந்த வருஷம் ஜெயித்தாய்?' என்று யாராவது கேட்டுவிட்டால், என்ன பதில் சொல்வது?

ரோடியோ பக்கிள் வேண்டும், ஆனால் காளை மேல் ஏற முடியாது என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தில், ஹெஸ்டன் என்ற விவசாய இயந்திர நிறுவனம், இறுதிப் போட்டியின் நினைவாக, 1974 முதல், ஆண்டுக்கு ஒரு புது வடிவத்தில் பக்கிள் வெளியிட்டது. வைக்கோல் கட்டும் இயந்திரம் செய்கிறவர்களின் விளம்பரம்தான் அது! ஆனால், ஒவ்வொன்றிலும் ஆண்டு பொறித்திருந்ததால், 'எழுபத்தெட்டு இருக்கிறது, எழுபத்தாறு இல்லை' என்று ஜனங்கள் வரிசையாகச் சேர்க்கத் தொடங்கிவிட்டனர். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பலருக்கு, இதுதான் முதல் படி.

ஆறு விநாடி

எட்டு விநாடியைச் சொன்னேன். ஆறு விநாடிக் கதை, அதைவிட எனக்குப் பிடிக்கும்.

கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா என்ற மலைத்தொடர் இருக்கிறது. 1955ம் ஆண்டு, வெண்டல் ரோபி என்பவரும் நண்பர்களும், அந்த மலைப்பாதையில், ஒரே நாளில் நூறு மைல் தூரத்தைக் குதிரையில் கடந்து காட்டினர். அதுவே, 'டெவிஸ் கோப்பை' என்ற போட்டியாக ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது. 24 மணி நேரத்தில் முடித்தவருக்கு, ஒரு வெள்ளிப் பக்கிள் பரிசு.

கார்டி ஐன்ஸ்லீ என்ற இளைஞர், இந்தப் போட்டியில் குதிரையேறி வந்தவர். 1973ல், வழியிலேயே அவருடைய குதிரை நொண்டத் தொடங்கிவிட்டது. மறு ஆண்டு என்ன செய்தார் தெரியுமா? குதிரையே இல்லாமல் போய் நின்றார்! குதிரைகளோடு குதிரையாக, தன் காலாலேயே ஓடினார். நூறு மைல், அதாவது 161 கிலோ மீட்டர். 23 மணி, 42 நிமிடத்தில் முடித்தார்.

அதில் இருந்து பிறந்ததுதான், 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' என்ற ஓட்டப் போட்டி. இதிலும் பரிசு, பக்கிள்தான். 24 மணி நேரத்துக்குள் முடித்தால் வெள்ளி. 30 மணி நேரத்துக்குள் முடித்தால் வெண்கலம். முப்பது மணி, ஒரு விநாடி ஆனால், ஒன்றும் கிடையாது.

2015ம் ஆண்டு, கன்ஹில்ட் ஸ்வான்சன் என்ற பாட்டி இந்தப் போட்டியில் ஓடினார். வயது 70. ஆபர்ன் என்ற ஊரின் பள்ளி மைதானத்தில்தான் பந்தயம் முடியும். அவர் ஊருக்குள் வரும்போது, முப்பது மணி நேரம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. அந்த ஆண்டு முதலிடம் வாங்கிய ராப் க்ரார், எப்போதோ ஓடி முடித்து ஓய்வெடுத்துக் கொண்டிருந்தவர், காலில் ரப்பர் செருப்போடு, பாட்டியுடன் சேர்ந்து ஓடி வந்தார். மைதானம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. பாட்டி கோட்டைத் தாண்டிய நேரம், 29 மணி, 59 நிமிடம், 54 விநாடி!

ஆறே விநாடிதான் மிச்சம். 70 வயதைத் தாண்டிய பெண்களில், இந்தப் போட்டியை முடித்த முதல் ஆள் அவர். வெண்கலப் பக்கிள் கிடைத்தது. இன்று அமெரிக்காவில், நூறு மைல் ஓட்டப் போட்டிகள் பலவற்றில், பதக்கத்துக்குப் பதிலாகப் பக்கிள் கொடுப்பதே வழக்கமாகிவிட்டது.

தட்டிப் பார், தடவிப் பார்

பக்கிளில் உலோகமும் முக்கியம். அசல் வெள்ளி என்றால், பின்பக்கம் 'ஸ்டெர்லிங்' என்றோ, '925' என்றோ முத்திரை இருக்கும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம். ஆனால், 'ஜெர்மன் சில்வர்' என்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை. ஒரு குண்டுமணி வெள்ளிகூட அதில் கிடையாது!

அசல் வெள்ளி வேலைக்குப் பெயர் பெற்றவர்கள், நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள். 1864ல், அமெரிக்க ராணுவம் அவர்களை ஊரைவிட்டு விரட்டி, பல நூறு மைல் நடத்திச் சென்று, நியூ மெக்சிகோவில் ஒரு முகாமில் அடைத்தது. பசியாலும் நோயாலும் நிறையப் பேர் இறந்து போயினர். 1868ல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், அவர்களிடையே வெள்ளி வேலை தழைத்தது. மெக்சிகோ, அமெரிக்க நாணயங்களை உருக்கி, பெல்ட்டில் கோக்கும் பெரிய வெள்ளி வில்லைகளையும், பக்கிள்களையும் செய்தனர். பின்னாளில், நீலப்பச்சை நிற டர்க்காய்ஸ் கல்லும் பதித்தனர். அந்த அழகுக்குக் கிராக்கி வந்ததும், போலிகளும் வந்துவிட்டன. பழங்குடியினர் செய்யாத பொருளை, அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது குற்றம் என்று, 1990ம் ஆண்டு சட்டமே கொண்டு வந்தனர்.

இன்னொரு பழைய வகை, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 - 65 காலத்துச் சிப்பாய்களின் பக்கிள். வடக்குப் படையினரின் பித்தளைப் பக்கிள், முட்டை வடிவில், 'யு.எஸ்.' என்ற எழுத்துகளோடு இருக்கும். தகடு மெல்லியது என்பதால், பின்பக்கக் குழிவில் ஈயத்தை ஊற்றி, அதிலேயே கொக்கிகளைப் பதித்திருப்பர். இதிலும் போலிகள் ஏராளம். அசலைப் பார்த்தவர்கள், முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பர். முன்பக்கத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அச்சு எடுத்துவிடலாம். பின்பக்கத்தைப் பழையபடி செய்ய, பொறுமை வேண்டும்!

பொய்க்குக் காவல் ஒரு புத்தகம்

இனி, தலைப்பில் சொன்ன கதைக்கு வருகிறேன்.

1960களின் பிற்பகுதியில், சேகரிப்பவர்கள் கையில் புது மாதிரிப் பக்கிள்கள் வரத் தொடங்கின. புது மாதிரி என்றால், பார்ப்பதற்கு மிகப் பழையவை! கனமான உலோகம், அதில் குதிரை வண்டி, ரயில், காவல் நாய் என்று விதவிதமான படங்கள், 'வெல்ஸ் பார்கோ' என்ற பெயர். பின்பக்கம் திருப்பினால், 'டிபனி, நியூயார்க்' போன்ற முத்திரைகள்.

இந்த இரண்டு பெயரும் அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரியும். வெல்ஸ் பார்கோ, 1852ல் தொடங்கிய நிறுவனம். மேற்குப் பகுதியில் தங்கத்தையும், தபாலையும் குதிரை வண்டியில் கொண்டு போனவர்கள். கொள்ளைக்காரர் கதைகளில் எல்லாம் அந்த வண்டிதான் வரும். டிபனி, 1837ல் நியூயார்க்கில் தொடங்கிய, மிகப் பெரிய நகைக்கடை. உள்நாட்டுப் போரின்போது, தளபதிகளுக்கு அலங்கார வாள் செய்து கொடுத்த கடை. அப்படிப்பட்ட கடை, அப்படிப்பட்ட நிறுவனத்துக்குப் பக்கிள் செய்து கொடுத்தது என்றால், யார்தான் நம்பமாட்டார்கள்?

சந்தேகப்பட்டவர்களுக்கும் பதில் தயாராக இருந்தது. 'டிபனி அண்ட் கேலார்டு' என்று தொடங்கும் தலைப்பில் ஒரு புத்தகம். எழுதியவர், பெர்சி சைபர்ட் என்று அட்டையில் பெயர். வெளியான ஆண்டு, 1950. உள்ளே, இதே பக்கிள்களின் படங்களும் விவரங்களும். 'பாருங்கள், எப்போதோ புத்தகத்திலேயே வந்துவிட்டது' என்றதும், மறுபேச்சுப் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தனர்.

ஒருவர் மட்டும், புத்தகத்தையே சந்தேகப்பட்டார்!

அவர், டங்கன் கேம்பல். அமெரிக்க ராணுவத்தின் பழைய சின்னங்களை ஆராய்ந்து, இன்னொருவருடன் சேர்ந்து 1963ல் ஒரு நூல் எழுதியவர். பழைய உலோகத் தகடுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. இந்தப் பக்கிள்களில் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது.

யோசித்துப் பாருங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தனை பேர் இதை அணிந்திருந்தால், ஒரு பழைய புகைப்படத்திலாவது தெரிய வேண்டாமா? செய்த கடையின் கணக்கில் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா? பழைய விலைப்பட்டியல் எங்கே? எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு புத்தகம்தான் சாட்சி என்றால், அந்தப் புத்தகத்துக்கு யார் சாட்சி?

கேம்பல் கண்டுபிடித்ததை, 1973ம் ஆண்டு புத்தகமாக வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே குறும்பு இருக்கிறது: 'பழைய மேற்கின் புதிய பக்கிள்கள்' என்று அர்த்தம். அந்தப் பக்கிள்கள், கௌபாய் காலத்தவை அல்ல. அமெரிக்காவில் செய்தவைகூட அல்ல. 1960களில், இங்கிலாந்தில் செய்து, பழசு போலக் காட்டி, கடல் கடந்து வந்தவை. டிபனி அவற்றைச் செய்யவே இல்லை. 1950ல் வந்ததாகச் சொன்ன புத்தகமோ, பக்கிள்கள் பிறந்த பிறகு, அவற்றை விற்பதற்காகவே பிறந்த புத்தகம்!

தேர்வில் தப்பான விடை எழுதிய பையன், அந்த விடைக்கு ஏற்ற மாதிரி, பாடப்புத்தகத்தையும் தானே அச்சடித்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் வேலை பார்த்த காலத்தில், பிள்ளைகள் ஏதாவது சந்தேகம் கேட்டால், 'புத்தகத்தில் போட்டிருக்கா? அப்போ சரிதான், உட்கார்' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கிள் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தப் பிள்ளைகளில் இரண்டொருவர் முகம் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. 'எந்தப் புத்தகம்? யார் போட்டது? வேறு எதிலாவது இருக்கா?' என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் போலிகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? உருக்கிப் போடவில்லை. இன்றும் பழைய பொருள் சந்தைகளில் கிடைக்கின்றன. தெரியாதவர்கள், அசல் என்று நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்து ஏமாறுவதும் நடக்கிறது. தெரிந்தவர்களோ, போலி என்று தெரிந்தே வாங்குகின்றனர்! உலகத்தையே ஏமாற்றப் பார்த்த பக்கிள் என்பதும் ஒரு கதைதானே? பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு சீட்டில், 'இங்கிலாந்து, 1960கள், போலி' என்று எழுதிவிடுகின்றனர். அப்படி எழுதிய நிமிடத்தில் இருந்து, அந்தப் பக்கிள் பொய் சொல்வதை நிறுத்திவிடுகிறது.

நீங்களும் சேர்க்கலாம்

இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. போலீஸ், தீயணைப்புத் துறை, என்.சி.சி., சாரணர் என்று, நம் ஊர்ச் சீருடைகளிலும் சின்னம் பொறித்த பக்கிள்கள் உண்டு. அண்ணன், அக்கா படித்த பள்ளிகளின் பழைய பெல்ட்டுகள், பரணில் கிடக்கும். பெல்ட்டு இற்றுப் போயிருந்தாலும், பக்கிள் நன்றாக இருக்கும்.

ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு; இவ்வளவுதான் முதலீடு. காந்தம் ஒட்டினால், மேலே எவ்வளவு பளபளத்தாலும், உள்ளே இரும்பு. பித்தளையிலும், வெள்ளியிலும் ஒட்டாது. பூதக்கண்ணாடியால் ஓரங்களைப் பாருங்கள். முலாம் பூசியிருந்தால், தேய்ந்த இடத்தில் உள்நிறம் எட்டிப் பார்க்கும். நோட்டில், ஒவ்வொரு பக்கிளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வரையுங்கள். எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, என்ன தேதி என்று எழுதுங்கள். உங்களுக்குச் சொன்ன கதையை ஒரு பக்கமும், நீங்களே விசாரித்துத் தெரிந்துகொண்டதை எதிர்ப்பக்கமும் எழுதினால், இரண்டும் எங்கே ஒத்துப்போகிறது என்று பிறகு தெரியும்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம், வெள்ளியைக் கறுக்க வைக்கும். பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். பழைய பக்கிள்களில் ஈயம் இருக்கலாம் என்பதால், தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.

முக்கியமாக, கிடைத்த உடனே பிராஸோ போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிடாதீர்கள். மேலே படிந்திருக்கும் பழுப்பு நிறம்தான், அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்துவிட்டால் திரும்ப வராது. அது தாத்தாவுடைய பக்கிளாக இருந்தால், முதலில் அவரிடம் போய், 'தாத்தா, இது எப்போ, எதுக்குக் கொடுத்தாங்க?' என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.